புடவை அலமாரியில் பருவக்காற்று

"தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் வாரத்தில் கேரளக் கரையைத் தொடுகிறது..." என்று தலையணை மேலிருந்த கைபேசி சொல்லிக்கொண்டிருந்தது.

ஜொவிட்டா, வயது ஏழரை மாதம், அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கையில் எடுத்து, கேரளக் கரையை வாயில் வைத்துக் கடித்தாள். தூங்கப்போகிற குழந்தையின் லட்சணம் ஒன்றுகூடத் தென்படவில்லை.

கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்து நின்றிருந்தான் அவள் அப்பா லாய்ட். தன் குரலைக் கைபேசியில் பதிவு செய்து ஓடவிட்டு, இருபது நிமிடமாக இப்படித்தான் நிற்கிறான்.

"சார்," என்றாள் பின்னாலிருந்து வீட்டு வேலை செய்யும் தேவானை, "நான் இன்னா சொல்றேன்னா..."

"ஷ்ஷ்!"

உள்ளே கைபேசி தரையில் விழுந்தது. ஜொவிட்டா வீறிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

நம்ம லாய்ட் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார். அதைவிடப் பெரிய அடையாளம் ஒன்று அவனுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்கிறவன் அவன்தான். அவன் வாய் திறந்தால் கோயிலே கப்சிப். "உன் குரல்ல ஒரு வரம் இருக்கு லாய்ட்" என்று பங்குச் சாமியார் ஒருநாள் சொல்லிவைத்தார். சாமியார்கள் இப்படியெல்லாம் சொல்லாமல் இருந்தால் உலகத்தில் பாதிப் பிரச்சினை குறையும். அன்றிலிருந்து சனிக்கிழமை தயிர் கிடையாது, ஐஸ்வாட்டர் கிடையாது, கழுத்தில் மஃப்ளர் வேறு. மே மாதத்தில்.

ஏப்ரலில் அவன் மனைவி ரெனிட்டாவின் பிரசவ லீவு முடிந்தது. சரியாக அப்போது லாய்டுக்குப் பள்ளி லீவு விட்டார்கள். பகலெல்லாம் குழந்தை அவன் பொறுப்பு. ராத்திரிகளில் பிரச்சினையே இல்லை, அம்மா அப்பா நடுவில் படுத்தால் போதும், தூங்கிவிடும். பகல் தூக்கம்தான் பாடு. தோளில் போட்டான், தூளியில் போட்டான், ஸ்கூட்டரில் லைட்ஹவுஸ்வரை போய் வந்தான், ஒன்றும் வேலைக்காகவில்லை. ஒருநாள் வெறுத்துப்போய் எட்டாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தைப் பிரித்து, அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு வாசித்தான். தூங்கிவிட்டாள்! அன்றிலிருந்து தினமும் அதே பாடம்தான்.

இன்றும் கடைசியில் அதையேதான் செய்தான். மூன்றாவது மாடி, ஒன்றரை மணி, கடற்காற்று திரைச்சீலையை ஊதிப் பெரிதாக்கி மெல்ல விட்டுவிடுகிற நேரம். மெத்தையில் சாய்ந்து, புத்தகத்தை நெஞ்சில் நிறுத்தி, குரலைத் தழைத்து வாசித்தான். அரபிக்கடலில் மேகங்கள் கிளம்பின. ஈரத்தைச் சுமந்துகொண்டு அவசரமில்லாமல் வந்தன. கொங்கணக் கரை பச்சையாகி, மங்கலாகி, எங்கோ தூரத்தில் மழை பெய்துகொண்டேயிருந்தது. எந்த வரியில் குழந்தை தூங்கியது என்று அவனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. கண் திறந்தபோது மணி மூன்றரை. அவன் பனியனைப் பிடித்தபடி பால் வாசனையோடு ஒரு சின்ன உடம்பு. இதைவிடப் பெரிய சந்தோஷம் தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பகலில் தேவானை பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. "மத்தியானம் ரெண்டு மணி நேரம் பாப்பா தூங்கணும்க்கா. தூங்குனாதான் ஒல வெக்க முடியும், துணி தொவைக்க முடியும். இல்லாங்காட்டி என்னால ஆவாது" என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். இரண்டு பாட்டிமார்களும் தூத்துக்குடியில், ஆளுக்கொரு முழங்கால் வலியோடு. ரெனிட்டா அடையாறில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை. எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் அவளை ஒரு பிரிவுக்குத் தலைவியாக்கியிருந்தார்கள். குழந்தை தூங்காவிட்டால் அந்த வேலையை அவள் விட வேண்டும். வேறு வழியில்லை.

அதனால்தான் லாய்டுக்கு அந்த யோசனை வந்தது. நான் போனால் என்ன, என் குரல் வீட்டில் இருக்கட்டும்!

"போன் மைக் சரியில்ல, அவ்வளவுதான்," என்றான் அன்று சாயங்காலம் ரெனிட்டாவிடம். "நல்ல மைக்ல எடுத்தா தூங்கிடுவா."

"நிஜமாவா லாய்ட்?"

"என் குரல் மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். கல்யாணமான பெண்கள் சில கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

தௌசீஃப் அவனுடைய பள்ளித் தோழன். திருவல்லிக்கேணியில் மைக்செட் வாடகைக்கு விடுகிறான். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையும் உண்டு. கைபேசிப் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, நாடி பார்த்த டாக்டர்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

"மச்சி, இதுல உன் வாய்ஸே இல்ல."

"பின்ன யாரோட வாய்ஸ்?"

"உன் வாய்ஸோட எலும்பு மட்டும் கீது. சதையெல்லாம் போன் துன்னுடுச்சு. போனுக்கு நீ பேசறது புரிஞ்சா போதும், அடிக்குரலெல்லாம் வெட்டி எறிஞ்சிடும். நீ மூச்சு வாங்க நிறுத்துனா, அய்யோ சத்தமில்லையேன்னு ஃபேன் சத்தத்த தூக்கிக் காட்டும். கொழந்தைக்கு அப்பா வேணும் மச்சி. எக்ஸ்ரே வேணாம்."

லாய்டுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை கச்சேரி மைக் ஒன்று வீட்டுக்கு வந்தது. பாட்டுக்காரர்கள் கடிக்காத குறையாகப் பிடித்துப் பாடுவார்களே, அந்த ரகம். "கிட்ட வெச்சிப் பேசு, அடிக்குரல் தானா எழும்பும்" என்று சொல்லி அனுப்பியிருந்தான் தௌசீஃப். லாய்ட் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. மைக்கை உதட்டிலேயே ஒட்டவைத்துக்கொண்டு பதிவு செய்தான்.

ஒன்றரை மணிக்கு ஓடவிட்டான். குரல் கிணற்றிலிருந்து வருவதுபோல கனமாக, இருட்டாக, ஆகா என்றிருந்தது. ஜொவிட்டாவின் கண் லேசாகச் செருகியது. லாய்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"தென்மேற்குப் ப்ப்பொம்! ருவக்காற்று..."

'ப' வருகிற இடமெல்லாம் லட்சுமி வெடி. பாடமோ பருவக்காற்றுப் பாடம். பதினோராவது வெடியில் குழந்தை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டு அலறியது. அன்று பகல் முழுக்கத் தூங்கவில்லை. அப்பாவைப் பார்த்தாலே உதடு பிதுங்கியது.

"கடிக்கச் சொன்னேனா நானு?" என்றான் தௌசீஃப் போனில். "கிட்டப் போனா அடிக்குரல் ஏறும். ரொம்பக் கிட்டப் போனா மூச்சுக்காத்து போய் மைக்கு உள்ள கீற சவ்வ அறையும். சரி வுடு. அந்த மைக்கு கூட்டத்துக்கு நடுவுல கத்தறதுக்கு. உனக்கு வேற ஒண்ணு தரேன். என் கண்ணு மாதிரி அது."

வெள்ளிக்கிழமை காலை அவன் கண்ணைப் பஞ்சு வைத்த பெட்டியில் கொண்டுவந்தான்.

"உள்ள ஒரு சவ்வு கீது பாரு. தங்கம் பூசுனது, வெங்காயத் தோல விட மெல்லிசு. நீ பெருமூச்சு வுட்டா ஆடும். மட்டமான மைக்கு சும்மா இருக்கும்போதே ஸ்ஸ்னு தானா ஒரு சத்தம் போட்டுகினே இருக்கும். இது வாய மூடிகினு கேக்கும்."

"எங்க ஸ்டாஃப் ரூம்ல அப்படி ஒருத்தர்கூட இல்லை."

"கீழ் சுருதிலேர்ந்து மேல வரிக்கும் வர்றத வந்த மாதிரியே வாங்கும். ஒண்ணத் தூக்கி ஒண்ண அமுக்குனா அது மைக் இல்ல மச்சி, அரசியல். அப்புறம் இதுக்கு முன்பக்கந்தான் காது. பின்னாடி பேசுனா செவுடு."

"எங்க ஹெட்மாஸ்டர்."

தௌசீஃப் போனதும் லாய்ட் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். அப்படியே நின்றுவிட்டான்.

இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டில் இவ்வளவு பேர் கூட இருப்பது அவனுக்குத் தெரியாது. குழாயிலிருந்து ஒரு சொட்டு நிதானமாகக் கிளம்பி வந்து விழுந்தது. வெயில் தடுப்பின்மேல் ஒரு காக்கை நகம் கீறி நடந்தது. சுவர்க் கடிகாரம் ஒவ்வொரு நொடியையும் கிள்ளிக் கிள்ளிப் போட்டது. ஃபிரிட்ஜ் தனக்குத்தானே ஏதோ முனகியது. எல்லாவற்றுக்கும் அடியில், தூரத்தில், கடல் புரண்டு புரண்டு படுத்தது. லாய்டுக்கு மிதப்பது போலிருந்தது. கால்மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் சிரித்த முகமாக நின்றான். பிறகுதான் இதெல்லாம் பதிவில் வரக்கூடாது என்பது ஞாபகம் வந்தது.

ஃபேனை நிறுத்தினான். கடிகாரத்தை மெத்தைக்கு அடியில் வைத்தான். குழாய்க்குத் துணி சுற்றினான். ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்தான். தேவானையைக் குழந்தையோடு மைக்குக்குப் பின்பக்கம் உட்காரவைத்தான். கத்திரி வெயில் கொளுத்தியது. அவள் அடிக்கடி எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தாள், அதிலும் சில்லென்று ஒன்றுமில்லை.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே..."

அவள் பேசியது மைக்குக்குக் கேட்கவில்லை. ஹெட்ஃபோன் மாட்டியிருந்த லாய்டுக்கும் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு ரெனிட்டா வந்தாள். கைப்பையை வைத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றாள்.

"லாய்ட், ஃபிரிட்ஜ் ஏன் சத்தமே போடல?"

லாய்ட் சுவிட்சைப் பார்த்தான்.

ஃப்ரீசரைத் திறந்தாள். திங்கட்கிழமை முதல் குழந்தைக்குக் கொடுக்கவென்று அவள் சேர்த்து வைத்திருந்த தாய்ப்பால், தேதி எழுதின பன்னிரண்டு பாக்கெட்டும் உருகி ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. தொட்டால் துளிக்கூடச் சில்லென்று இல்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில ஸ்டோர் ரூம்ல, அட்டைப்பெட்டிக்கு நடுவுல உக்காந்து எடுத்தது லாய்ட். யாராவது கதவைத் தட்டுவாங்களோன்னு பயந்து பயந்து."

"ஃபிரிட்ஜ் சத்தம் மைக்ல..."

"பேசாத."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், முகத்தை மூடாமல். லாய்டுக்குச் செத்துப்போய்விடலாம் போலிருந்தது. பக்கத்தில் உட்காரலாமா என்றுகூடத் தெரியாமல், உருகின பாக்கெட் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன்," என்றாள் கடைசியில். "அவ தூங்கலேன்னா ராஜினாமா மெயில் அனுப்பிடுவேன். என்னால இதுக்கு மேல முடியாது."

வெள்ளிக்கிழமைப் பதிவுக்கும் ஜொவிட்டா தூங்காததால், சனிக்கிழமை தௌசீஃபே நேரில் வந்தான். அறை அறையாகப் போய்க் கைத்தட்டிப் பார்த்தான். "செவுரு பேசுது மச்சி. எவ்வளவு நல்ல மைக்கா இருந்தாலும், ரூம் எதிரொலிச்சா பாத்ரூம்ல படிச்சா மாதிரிதான் இருக்கும்."

மறுபடி தட்டினான். கீழ் வீட்டு அனந்தராமன் மேலே வந்துவிட்டார்.

"என்ன ஸார் இது, செத்த கண் அசரலாம்னு படுத்துண்டா, உங்காத்துல ஒரே கைத்தட்டல்? யாருக்காவது அவார்டு குடுக்கறேளா?"

அவரைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, படுக்கையறையின் பெரிய அலமாரியைத் திறந்து தௌசீஃப் தட்டினான். சத்தம் வரவேயில்லை. கம்பி நிறையப் பட்டுப்புடவைகள். தட்டின ஓசையை அப்படியே குடித்துவிட்டன.

"இதான் மச்சி உன் ஸ்டூடியோ."

அப்படியாக எட்டாம் வகுப்புப் புவியியல் வாத்தியார் மைக்கோடு புடவை அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருட்டு. அந்துருண்டை வாசனை. கழுத்தைச் சுற்றி ரெனிட்டாவின் கல்யாணப் புடவை. டார்ச் வெளிச்சத்தில் அவன் வாசிக்க வாசிக்க, காஞ்சிபுரமும் ஆரணியும் தோளில் உரச, மேகங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறின. அவனுடைய வாழ்நாளிலேயே அவன் இப்படி வாசித்ததில்லை. 'ப' வெடிக்கவில்லை, அடிக்குரல் உறுமவில்லை. நாற்பது நிமிடம். முடித்துவிட்டுக் கையை நீட்டிச் சோம்பல் முறித்தான். கம்பி கழன்று முப்பத்தாறு புடவையும் அவன் தலையில் விழுந்தன. வியர்வைக் கறை பட்டவற்றை ரெனிட்டா ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, மீன்குழம்புச் சாப்பாடு முடிந்து, மணி ஒன்றரை. தௌசீஃப் தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து ஹாலில் வைத்திருந்தான். ரெனிட்டா சோபாவில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். அதில் கடிதம் தயாராக இருந்தது. "மேற்படி காரணங்களால்" என்று முடியும் கடிதம். லாய்ட் அதைப் பார்க்காமலிருக்க முயன்றான்.

பாயில் ஜொவிட்டா. சுவரோரமாக லாய்ட். தௌசீஃப் பொத்தானை அமுக்கினான்.

"தென்மேற்குப் பருவக்காற்று..."

ஐயோ, என்ன குரல்! லாய்டுக்கே உடம்பு சிலிர்த்தது. ஸ்பீக்கர் இருப்பதே தெரியவில்லை, அறையின் நடுவில் யாரோ உட்கார்ந்து மெல்லப் பேசுவது போலிருந்தது. வெளியே வெயில் வெளுத்துக்கொண்டிருக்க, உள்ளே அரபிக்கடல் இருண்டுகொண்டு வந்தது. திரைச்சீலை ஊதிப் பெரிதாகி மெல்லத் தழைந்தது.

மூன்றாவது நிமிடத்தில் தௌசீஃபின் தாடை நெஞ்சில் இறங்கியது. ஆறாவது நிமிடத்தில் ரெனிட்டாவின் தலை சோபாக் கையில் சாய்ந்தது. அழுது வீங்கின கண்கள் ஒரு வாரத்தில் முதல்முறையாக அமைதியாக மூடிக்கொண்டன. "என்ன ஸார், இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டேளா?" என்று சண்டைக்கு வந்த அனந்தராமன், "செத்த..." என்று ஏதோ தொடங்கி, வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தார். கொங்கணக் கரை வருவதற்குள் அவரும் போய்விட்டார். மழை பெய்துகொண்டேயிருந்தது. ஹால் முழுக்க ஆட்கள் ஆங்காங்கே கவிழ்ந்து கிடந்தார்கள்.

ஜொவிட்டா எழுந்து உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகச் சாவகாசமாகப் பார்த்தாள். தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். கண்கள் அகல் விளக்கு போல எரிந்தன.

நாற்பது நிமிடமும் ஓடி முடிந்தது. குழந்தை கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

லாய்ட் எழுந்தான். சரி, மைக்கே வேண்டாம், நானே வாசிக்கிறேன் என்று புத்தகத்தை எடுத்துவந்து பாய்க்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான். பூசையில் நிற்பதுபோல முதுகை நிமிர்த்தி, சொல் சொல்லாக, உயிரைக் கொடுத்து வாசித்தான். ஜொவிட்டா மரியாதையாகக் கேட்டாள். அரபிக்கடல் வந்தது, மலை வந்தது, மழையும் வந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. இரண்டாவது தடவை வாசித்தபோது உதடு பிதுங்கியது. மூன்றாவது தடவை வாய்விட்டு அழத் தொடங்கிவிட்டாள்.

அழுகையில் ரெனிட்டா விழித்தாள். "தூங்கினாளா?"

"இல்ல ரெனி. நேர்ல வாசிச்சும் தூங்கல." புத்தகத்தை மூடிவைத்தான். "என் குரல்ல இருந்த வரம் போயிடுச்சு. எப்போ போச்சுன்னே தெரியல. மன்னிச்சுடு."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கைபேசியை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலை 'அனுப்பு' மேல் கொண்டுபோனாள்.

அடுக்களையிலிருந்து தேவானை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அழுகிற குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லாய்டைப் பார்த்தாள்.

"இன்னா சார் நீ, ஒரு வாரமா வாய தொறக்க வுடாம படிச்சிகினே கீறியே? தெனமும் ரெண்டு பக்கம் படிச்சிட்டு நீதான் மொதல்ல தூங்கிடுவ, அப்புறம் உன் கொறட்டையக் கேட்டுதானே பாப்பா தூங்கும்!"